பலர் சேர்ந்து ஒரே மாற்று வரலாற்று உலகில் கதை எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வரலாறு வேறு மாதிரி நடந்திருந்தால் என்று கற்பனை செய்வது மாற்று வரலாற்றுக் கதை. அதைத் தனியாக எழுதுகிறவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. உலகம் முழுக்க அவர் தலைக்குள்ளேயே இருக்கிறது. எங்காவது முரண்பட்டால் அவரே பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். அதே உலகத்தில் ஐந்து பேர் எழுதத் தொடங்கினால் நிலைமை வேறு. ஒருவர் கதையில் 1880ல் பாழடைந்து கிடக்கும் துறைமுகம், இன்னொருவர் கதையில் 1885ல் கூட்டம் பிதுங்க நிற்கும். இருவர் மீதும் தப்பில்லை. இருவரும் தனித்தனியாக யோசித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதைத் தடுக்கப் பெரும்பாலான குழுக்கள், உலகத்தின் நிலவரத்தைப் பக்கம் பக்கமாக எழுதிவைக்கின்றன. யார் ஆட்சி, எங்கே எல்லை, என்ன கொடி என்று. அது போதாது. நிலவரத்தை மட்டும் எழுதிவைத்தால், அதில் இல்லாத முதல் கேள்வி வந்ததுமே ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். காரணங்களை எழுதிவைத்தால், யாரும் யோசிக்காத கேள்விக்குக்கூட எல்லோரும் ஏறக்குறைய ஒரே பதிலுக்கு வந்து சேர்வார்கள். இந்த வழிகாட்டி முழுவதும் நான் வலியுறுத்தப்போவது இதைத்தான்.

விளக்குவதற்கு ஒரே உதாரணத்தைக் கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன்: சூயஸ் கால்வாய் வெட்டப்படாத 19ஆம் நூற்றாண்டு.

படி 1: குழுவும் கடைசிச் சொல்லும்

தொடக்கத்தில் மூன்று முதல் ஆறு பேர் போதும். அதற்கு மேல் போனால் உலகத்தை உருவாக்கும் பேச்சே ஆண்டுக்கணக்கில் இழுக்கும், கதை ஒன்றும் வராது. அந்த ஆறு பேரில் ஒருவர் தொகுப்பாசிரியர். கருத்து வேறுபாடு வந்தால் கடைசிச் சொல் அவருடையது. இதை முதல் நாளே பேசி முடிவு செய்துவிட வேண்டும். எல்லோரும் நண்பர்கள்தானே, வாக்கெடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் மூன்றுக்கு மூன்று என்று முட்டி நிற்கும்.

படி 2: பிரிவுப் புள்ளியைத் தேர்ந்தெடுப்பது

நம் வரலாறும் கதையின் வரலாறும் எந்தக் கணத்தில் பிரிகின்றன? அதுதான் பிரிவுப் புள்ளி. கூட்டாக எழுதும்போது அதற்கு மூன்று தகுதிகள் வேண்டும். அது ஒரே ஒரு நிகழ்வாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு தேதி இருக்க வேண்டும். அது வேறு மாதிரி நடந்திருக்கவும் நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும்.

‘சூயஸ் கால்வாய் வெட்டப்படவில்லை’ என்பது பிரிவுப் புள்ளி ஆகாது. அது விளைவு. ஏன் வெட்டப்படவில்லை என்று கேட்டால் ஒருவர் பணம் இல்லை என்பார், ஒருவர் பிரிட்டன் தடுத்தது என்பார், ஒருவர் மண் சரிந்தது என்பார். மூன்று காரணத்துக்கும் மூன்று வேறு உலகங்கள் பிறக்கும். ஆகவே பின்னோக்கிப் போய்க் காரணத்தைத் தேட வேண்டும்.

1854 ஜூலையில் எகிப்தின் ஆட்சியாளர் முதலாம் அப்பாஸ், பென்ஹா அரண்மனையில் கொல்லப்பட்டார். அடுத்து ஆட்சிக்கு வந்தவர் முகமது சயீத். உறவில் இவர் அப்பாஸுக்குச் சித்தப்பா, வயதில் இளையவர். இந்த சயீத் சிறுவனாக இருந்தபோது அலெக்சாண்டிரியாவில் பிரெஞ்சுத் தூதரக அதிகாரியாக இருந்த ஃபெர்டினாண்ட் டி லெசெப்ஸ் அவருக்கு நண்பர். உடல் இளைக்க வேண்டும் என்று தந்தை பட்டினி போட்ட பையனுக்கு லெசெப்ஸ் வீட்டில் மக்கரோனி கிடைத்தது என்று ஒரு கதையும் உண்டு. சயீத் ஆட்சிக்கு வந்த செய்தி கேட்டதும் லெசெப்ஸ் கிளம்பி எகிப்துக்கு வந்தார். 1854 நவம்பர் 30 அன்று கால்வாய்க்கான அனுமதி அவர் கையில் இருந்தது. அப்பாஸோ பிரெஞ்சுக்காரர்களிடம் ஒட்டாதவர். ரயில் பாதை போட 1851ல் ஆங்கிலேயரான ராபர்ட் ஸ்டீபன்சனோடு ஒப்பந்தம் செய்தவர்.

சரி, இப்போது பிரிவுப் புள்ளி தானாகவே கிடைக்கிறது. அந்த ஜூலை இரவில் அப்பாஸ் பிழைத்துக்கொள்கிறார். ஒரு அரண்மனை, ஒரு இரவு, ஒரு ஆள். அன்று காலைவரை எல்லாம் நம் வரலாறுதான். இதை ஒரே வாக்கியமாக எழுதி எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். அந்த வாக்கியத்தில் ‘மேலும்’ என்ற சொல் வந்தால் பிரிவுப் புள்ளி இரண்டாகிவிட்டது என்று பொருள். இரண்டாவதை வெட்டுங்கள்.

பெரிய போர்களின் முடிவைப் பிரிவுப் புள்ளியாக வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் வாசகர் ஏற்கெனவே நிறைய படித்திருப்பார். அதைவிட முக்கியமாக, போரின் முடிவு மாறினால் எல்லாமே ஒரே நாளில் மாறிவிடும். எது எதனால் மாறியது என்று குழுவால் பிரித்துச் சொல்ல முடியாது.

படி 3: காரணச் சங்கிலி

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். குழுவாக உட்கார்ந்து, பிரிவுப் புள்ளியிலிருந்து முதல் முப்பது ஆண்டுகளை ‘ஏனெனில்’ என்ற சொல்லால் கோத்துக்கொண்டே போங்கள். ‘ஏனெனில்’ போட்டு எழுத முடியாத எதையும் சங்கிலியில் சேர்க்கக் கூடாது.

முதலில் நேரடி விளைவுகள். கால்வாய் இல்லை, ஆகவே போர்ட் சயீத் இல்லை. 1859ல் தோண்டும் வேலைக்காக உருவான ஊர் அது. பெயரே சயீதின் பெயர். கால்வாய்க் கரையில் எழுந்த இன்னொரு ஊரான இஸ்மாயிலியாவும் இல்லை. 1875ல் பிரிட்டன் 40 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய கால்வாய்ப் பங்குகளும் இல்லை. லண்டனிலிருந்து பம்பாய்க்குச் சரக்குக் கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் போக வேண்டும். அது சுமார் 10,700 கடல் மைல். கால்வாய் வழி என்றால் சுமார் 6,300. மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் ஓடும் நீராவிக் கப்பலுக்கு முதல் வழி ஏறக்குறைய 45 நாள், இரண்டாவது 26 நாள். நிலக்கரி ஏற்ற நிற்கும் நேரம் தனி. இந்தக் கணக்கை ஒருவர் ஒருமுறை போட்டு எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டும். எந்தக் கதையிலும் பயணம் வரும், நாள் கணக்கு பிசகினால் அது முதலில் கண்ணில் படும்.

அடுத்து, தொலைவில் விழும் விளைவுகள். லெசெப்ஸுக்கு சூயஸ் வெற்றி இல்லை என்றால், அதை நம்பி மக்கள் பணம் போட்ட அவருடைய பனாமா கால்வாய் முயற்சியும் இல்லை. 1889ல் அந்த நிறுவனம் திவாலாகி பிரான்ஸில் எழுந்த கொந்தளிப்பும் இல்லை. அட்லாண்டிக்கின் நடுவே இருக்கும் செயின்ட் ஹெலினா தீவு, கால்வாய் திறந்தபின் கப்பல் வரத்து குறைந்து நலிந்தது. இந்த உலகத்தில் அது நலியாது. செங்கடல் மீன்கள் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்குக் குடியேறியதை உயிரியலாளர்கள் லெசெப்ஸ் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். அந்தக் குடியேற்றமும் இங்கே கிடையாது.

இப்போது ஆபத்தான இடம். கால்வாய் இல்லாததால், நம் வரலாற்றில் நடந்ததுபோல 1882ல் பிரிட்டன் படையோடு எகிப்துக்குள் நுழையாது என்று யாராவது உடனே சொல்வார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். அலெக்சாண்டிரியாவிலிருந்து கெய்ரோவுக்கு 1856ல் ரயில் வந்துவிட்டது, 1858ல் அது சூயஸ் வரை நீண்டது. அப்பாஸ் தொடங்கிவைத்த வேலைதான், ஆகவே அவர் பிழைத்த உலகத்திலும் ரயில் இருக்கும். கால்வாய் இல்லாத உலகத்தில் இந்தியாவுக்கான தபாலும் பயணிகளும் அந்த ரயிலை நம்பித்தான் இருப்பார்கள். அப்படியானால் எகிப்து பிரிட்டனுக்கு முன்னைவிட வேண்டியதாகவும் ஆகலாம். இங்கே இரண்டு பக்கமும் ‘ஏனெனில்’ போட முடிகிறது. அப்படிப்பட்ட இடத்தில் தொகுப்பாசிரியர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

இந்தச் சங்கிலியை இழுக்கும்போதுதான் உலகத்தின் தனிக்குணம் வெளிப்படும். நம் உதாரணத்தில் எனக்குத் தெரிவது இது: இந்த உலகத்தில் வேகம் இரண்டு வகை. ஆளும் கடிதமும் ரயிலேறிச் சீக்கிரம் போய்விடும். சரக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றி மெதுவாக வரும். 1870ல் பம்பாய்க்குக் கடலடித் தந்திக் கம்பி வந்துவிட்டால் செய்தி மணிக்கணக்கில் பறக்கும், அந்தச் செய்திக்குரிய மூட்டை வாரக்கணக்கில் கடலில் கிடக்கும். இடைப்பட்ட நாட்களில் விலை ஏறும், இறங்கும், ஒருவன் பணக்காரனாவான், ஒருவன் கடனாளியாவான். கதைகள் இங்கேதான் பிறக்கும். எந்த உலகத்தை எடுத்தாலும் இப்படி ஒரு குணம் கிடைக்கும்வரை சங்கிலியை விடாதீர்கள்.

படி 4: மாறாதவற்றைப் பட்டியலிடுவது

எது மாறாது என்பதையும் எழுதுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

இயற்கை நிகழ்வுகளில் தெளிவான கோடு போடலாம். எரிமலை, நிலநடுக்கம், கிரகணம் ஆகியவை நம் வரலாற்றின் தேதியிலேயே நடக்கும். 1868 ஆகஸ்ட் 18ன் முழுச் சூரிய கிரகணமும் 1883 ஆகஸ்ட் 27ன் கிரகடோவா வெடிப்பும் அப்படியே இருக்கும். அன்று அங்கே யார் நின்று பார்த்தார்கள் என்பது மட்டும் மாறலாம். புயலுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. வானிலை சின்ன மாற்றத்துக்கும் வளைந்துகொடுக்கும் என்பதால் அதைக் கதாசிரியர் விருப்பத்துக்கு விடலாம்.

மனிதர்கள் விஷயம் கடினம். பிரிவுப் புள்ளிக்குப் பின் பிறந்தவர்கள் இந்த உலகத்தில் பிறப்பார்களா? சின்ன மாற்றமும் போகப்போக எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்ற பட்டாம்பூச்சி விளைவைக் கறாராகப் பார்த்தால் 1854க்குப் பின் பிறந்த யாருமே நாம் அறிந்த அதே ஆளாக இருக்க மாட்டார்கள். தளர்வாகப் பார்த்தால் எல்லோரும் இருப்பார்கள். காந்தி பிறந்தது 1869ல். 1888ல் அவர் லண்டன் போனது சூயஸ் கால்வாய் வழியாக. இந்த உலகத்தில் அவரை ரயிலில் ஏற்றி அலெக்சாண்டிரியாவுக்கு அனுப்ப ஒரு எழுத்தாளருக்குக் கை துறுதுறுக்கும். தனியாக எழுதினால் அது அவர் பாடு. கூட்டாக எழுதும்போது என் கருத்து திட்டவட்டமானது: பிரிவுப் புள்ளிக்குப் பின் பிறந்த புகழ்பெற்றவர்கள் யாரும் பாத்திரமாக வரக் கூடாது. வரலாம் என்று கதவைத் திறந்தால் ஐந்து பேரும் ஆளுக்கு இரண்டு பெரிய மனிதர்களைக் கூட்டிவருவார்கள், உலகம் அவர்களைச் சுற்றியே ஓடும், நீங்கள் உருவாக்கிய சாதாரண மனிதர்களுக்கு நிற்க இடம் இருக்காது.

கண்டுபிடிப்புகளுக்கும் ஒரு விதி வேண்டும். பலர் ஒரே காலத்தில் முயன்றுகொண்டிருந்த தொழில்நுட்பம் சில ஆண்டுகள் முன்பின்னாக வந்தே தீரும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

படி 5: உலகக் கையேடு

இதுவரை பேசி முடிவு செய்தவை ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கூகுள் டாக்ஸ், விக்கி, ஸ்ப்ரெட்ஷீட், எது வேண்டுமானாலும் சரி. எல்லோரும் படிக்கலாம், ஒருவர் மட்டுமே திருத்தலாம் என்பது முக்கியம். மற்றவர்கள் திருத்தத்தை முன்மொழிய வேண்டும்.

ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதைக் காட்டுகிறேன்:

*பொருள்:* அலெக்சாண்டிரியா–சூயஸ் ரயில்.
*நிலை:* உறுதி.
*நம் வரலாற்றில்:* 1858ல் சூயஸை எட்டியது. கால்வாய் வந்தபின் அதன் அருமை குறைந்தது.
*நம் கதை உலகில்:* 1858ல் எட்டியது. 1870களில் இரட்டைப் பாதை. பயணிகள், தபால், விலை உயர்ந்த சிறு சரக்கு மட்டும்.
*ஏனெனில்:* இரண்டு முனையிலும் கப்பலிலிருந்து இறக்கி ஏற்றும் செலவு கனமான சரக்குக்குக் கட்டாது.
*திறந்த கேள்வி:* ரயில் நிலையப் பொறுப்பு யாரிடம், எகிப்திய அதிகாரியிடமா ஆங்கிலேயரிடமா?
*எந்தக் கதைக்காகச் சேர்த்தது:* (கதையின் பெயர்)

இதில் ‘ஏனெனில்’ வரியை யாரும் காலியாக விடக் கூடாது. ஒருவர் தன் கதையில் நிலக்கரியை ரயிலில் அனுப்ப நினைத்தால், அந்த வரியைப் படித்ததும் அவருக்கே பதில் தெரிந்துவிடும். தொகுப்பாசிரியரைக் கேட்க வேண்டியதில்லை. ‘திறந்த கேள்வி’ வரியும் அதே அளவு முக்கியம். அது அடுத்த எழுத்தாளருக்கு விடும் அழைப்பு.

நிலை என்பதற்கு மூன்று சொற்கள் போதும்: உறுதி, திறந்தது, வதந்தி. வெளியான கதையில் வந்தது உறுதி. யாரும் தொடாதது திறந்தது. ஒரு பாத்திரம் சொன்னது, ஆனால் உண்மை என்று கதை நிரூபிக்காதது வதந்தி. இந்த மூன்றாவது வகை கூட்டு எழுத்துக்குப் பெரிய உதவி. வரலாற்றிலேயே பத்திரிகைகள் முரண்படும், கடிதங்கள் பொய் சொல்லும், கிழவர்கள் தேதியை மாற்றிச் சொல்வார்கள். கதைகளுக்கு இடையே சின்ன முரண்பாடு வந்தால் அதை ஒரு பாத்திரத்தின் தவறான நினைவாக்கிவிடலாம். தூரம், தேதி, யார் உயிரோடு இருக்கிறார் என்பவற்றுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

கையேட்டில் பெயர் எழுத்துக்கூட்டலும் இருக்க வேண்டும். தமிழில் எழுதும் குழுவுக்கு இது பெரிய தலைவலி. ஒருவர் அலெக்சாண்டிரியா என்பார், ஒருவர் அலெக்ஸாந்திரியா என்பார். பட்டப் பெயர்களையும் சேருங்கள். எகிப்து ஆட்சியாளருக்குரிய ‘கெதீவ்’ என்ற பட்டத்தை ஓட்டோமான் சுல்தான் முறையாக அளித்தது 1867ல், சயீதுக்கு அடுத்து ஆண்ட இஸ்மாயிலுக்கு. அப்பாஸ் ஆளும் உலகத்தில் 1860ன் அதிகாரி ஒருவர் தன் ஆட்சியாளரை எப்படி அழைப்பார் என்பதைக் குழு முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

நிஜத்தில் இருக்கும் ஒன்றையே கையேடாகப் பயன்படுத்துவதும் ஒரு வழி. எரிக் ஃபிளின்ட் எழுதி 2000ல் வெளியான ‘1632’ என்ற நாவலில், இன்றைய அமெரிக்கச் சுரங்க நகரம் ஒன்று 1631ன் ஜெர்மானிய நிலப்பகுதிக்கு வீசப்படுகிறது. அந்த உலகத்தில் பின்னால் ஏராளமானோர் எழுத வந்தார்கள். அந்தக் கற்பனை நகரமான கிரான்ட்வில், மேற்கு வர்ஜீனியாவின் மானிங்டன் என்ற உண்மையான ஊரைப் பார்த்து அமைந்தது. மானிங்டனில் இருக்கும் வசதி கிரான்ட்வில்லிலும் இருக்கும் என்பதுதான் அடிப்படை. நகரவாசிகளின் பட்டியலையும் பொதுவாக வைத்திருந்தார்கள். புதிதாக வருகிறவர் அந்தப் பட்டியலிலிருந்து ஆளை எடுத்துக்கொள்ள வேண்டும், தனக்குத் தேவையான நிபுணரைத் திடீரென்று முளைக்கவைக்க முடியாது. கற்பனைக்குக் கடிவாளம் போட்டதுபோலத் தோன்றும். உண்மையில் அந்தப் பற்றாக்குறைதான் அங்கே கதைகளை நடத்திச் சென்றது.

படி 6: நிலத்தைப் பிரித்துக்கொள்வது

ஒவ்வொருவருக்கும் ஒரு இடமும் ஒரு காலமும் கொடுங்கள். ஒருவருக்கு 1870களின் செயின்ட் ஹெலினா, ஒருவருக்கு சூயஸ் ரயிலடி, ஒருவருக்கு கேப் டவுன் துறைமுகம். தன் நிலத்தில் அவர் சுதந்திரமாக எழுதலாம். அடுத்தவர் நிலத்தில் பாத்திரங்கள் கடந்துபோகலாம், ஆனால் அங்கே நிரந்தர மாற்றம் எதுவும் செய்யக் கூடாது.

பாத்திரங்களை இரவல் வாங்குவதற்கு எளிய விதி: அடுத்தவர் பாத்திரத்தைக் கொல்லாதே, மணமுடித்து வைக்காதே, ஊனப்படுத்தாதே, மனம் மாற்றாதே. செய்ய வேண்டுமென்றால் எழுதுமுன் கேள். வசனம் எழுதினால் உரியவரிடம் காட்டு. ஒரு பாத்திரத்தின் பேச்சு மாறிவிட்டால் வாசகருக்குச் சட்டென்று தெரியும், அது தேதிப் பிழையைவிட மோசமாக உறுத்தும்.

யாருக்கும் கொடுக்காத இடம் ஒன்றிரண்டு இருக்கட்டும். வரைபடத்தின் ஒவ்வொரு மூலைக்கும் விடை எழுதிவிட்ட உலகத்தில் புதியவர் நுழைய முடியாது. பென்ஹா அரண்மனையில் அந்த இரவு உண்மையில் என்ன நடந்தது என்பதை யாருமே எழுத வேண்டாம் என்று குழு முடிவு செய்யலாம். எல்லோரும் அதைப் பற்றி வதந்தியாகப் பேசுவார்கள், ஒவ்வொரு ஊரிலும் ஒரு கதை இருக்கும்.

படி 7: கதையை எழுதுவது

மாற்று வரலாற்றின் பாத்திரங்களுக்குத் தாங்கள் மாற்று வரலாற்றில் இருப்பது தெரியாது. இதை மறந்தால் கதை பாடப் புத்தகம் ஆகிவிடும். ஒரு வரைவு வாக்கியத்தைப் பாருங்கள்:

‘1881ஆம் ஆண்டு, கால்வாய் எதுவும் இல்லாத அந்தக் காலத்தில், சரக்குக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றியே சென்றன. பயணிகளோ ரயிலில் சென்றனர்.’

1881ல் வாழும் யாரும் இல்லாத கால்வாயைப் பற்றி நினைக்க மாட்டார். அதே தகவலைப் பாத்திரத்தின் கவலைக்குள் வைத்தால்:

‘சூயஸ் ரயிலடியில் பெட்டியின் மேல் உட்கார்ந்தபடி நாள் கணக்குப் பார்த்தான். இன்னும் இரண்டு வாரத்தில் லண்டன். அவன் அனுப்பிய தேயிலை அப்போது நன்னம்பிக்கை முனையையாவது தொட்டிருக்குமா தெரியாது. வாங்குகிறவரிடம் போய் வெறுங்கையோடு நின்று, வருகிறது ஐயா, வருகிறது என்று எத்தனை நாள் சொல்வது?’

கால்வாய் என்ற சொல்லே இல்லை. ஆனாலும் உலகத்தின் இரண்டு வேகமும் வந்துவிட்டது. பிரிவுப் புள்ளி வாசகருக்கு மெல்லத்தான் உறைக்க வேண்டும். முதல் பக்கத்திலேயே அடையாளம் காட்ட வேண்டுமென்றால் ஒரு சின்னப் பொருள் போதும்: அப்பாஸின் முத்திரை பதித்த 1860களின் கடிதம் ஒன்று.

இன்னொன்று. உலகம் எவ்வளவு சுவாரசியமாக இருந்தாலும் கதைக்கு வேண்டியது ஒரு மனிதனின் சிக்கல். கதையை அப்படியே தூக்கி நம் வரலாற்றில் வைத்தாலும் நடக்கும் என்றால், அது இந்த உலகத்துக்குரிய கதை அல்ல. மேலே உள்ள வியாபாரியின் பதற்றம் கால்வாய் உள்ள உலகத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் அது இங்கே மட்டும் நடக்கக்கூடியது. ஒவ்வொரு கதைக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

படி 8: இரண்டு வாசிப்பு, ஒரு தீர்ப்பு

ஒவ்வொரு வரைவையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும். ஒருவர் கையேட்டோடு ஒப்பிட்டுப் படிப்பார். இன்னொருவர் கையேட்டை மூடிவைத்துவிட்டுக் கதையாகப் படிப்பார். இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்தால் இரண்டும் அரைகுறையாகும். கையேட்டோடு படிக்கிறவரின் குறிப்பு, ‘இங்கே 1880ல் கப்பல் போர்ட் சயீதில் நிலக்கரி ஏற்றுகிறது. நம் உலகில் அந்த ஊர் இல்லை. அலெக்சாண்டிரியாவாக மாற்றலாமா?’ என்று இருக்கட்டும். பிழையோடு வழியும் சொல்ல வேண்டும்.

சண்டை வரும், வரத்தான் செய்யும். ஒரு மாதிரி வழக்கு. சீனத்துத் தேயிலை ஏற்றிவரக் கட்டிய கட்டி சார்க் என்ற பாய்மரக் கப்பல் நீரில் இறங்கியது 1869 நவம்பர் 22 அன்று. அதற்கு ஐந்து நாள் முன்புதான், நவம்பர் 17 அன்று, கால்வாய் திறந்தது. செங்கடல் காற்று பாய்மரத்துக்கு ஒத்துவராது என்பதால் தேயிலை வணிகம் நீராவிக் கப்பல்களிடம் போய்விட்டது. ஆகவே கால்வாய் இல்லாத உலகத்தில் 1900லும் பாய்மரம்தான் ராஜா என்கிறார் ஓர் எழுத்தாளர். இல்லை என்கிறார் மற்றவர். அவர் கையில் இருக்கும் ஆதாரம்: லிவர்பூலின் ஆல்ஃப்ரெட் ஹோல்ட், எரிபொருளைச் சிக்கனமாக எரிக்கும் கூட்டு எந்திரம் பொருத்திய அகமெம்னான் கப்பலை 1866லேயே, கால்வாய் திறக்குமுன், நன்னம்பிக்கை முனை வழியாகச் சீனத்துக்கு அனுப்பிவிட்டார்.

தொகுப்பாசிரியர் இங்கே யார் ஆசைப்படுகிறார் என்று பார்க்கக் கூடாது, சங்கிலியைப் பார்க்க வேண்டும். நீராவி எப்படியும் வரும், ஏனெனில் எந்திரம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் தாமதமாக வரும், ஏனெனில் நீண்ட வழியில் நிலக்கரிக்குப் பிடிக்கும் இடமும் செலவும் அதிகம். ஆகவே 1880கள் வரை பாய்மரமும் நீராவியும் சமபலத்தில் போட்டியிடும். பாய்மரக் கதையை எழுத விரும்பியவருக்கு ஒரு முழுப் பத்தாண்டு கிடைக்கிறது, அதுவும் தோற்கப்போகிறோம் என்று தெரிந்த மாலுமிகளோடு. தீர்ப்பைக் கையேட்டில் ‘ஏனெனில்’ வரியோடு எழுதுங்கள். அதே சண்டையை மறுபடி யாரும் கிளப்ப மாட்டார்கள்.

படி 9: உரிமைகள்

முதல் கதை வெளியாகுமுன் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். பதிப்புரிமை எழுதிய வடிவத்துக்குத்தான், வெறும் யோசனைக்குக் கிடையாது. வரலாறு யாருக்கும் சொந்தமில்லை. ஆகவே கதை எழுதியவருக்கு, உலகக் கையேடு குழுவுக்கு என்று பிரிப்பது வழக்கமான ஏற்பாடு. பாத்திரங்கள் படைத்தவருக்கே சொந்தம், குழுவில் உள்ளவர்கள் மேலே சொன்ன விதிப்படி பயன்படுத்தலாம் என்று தெளிவாக எழுத வேண்டும். ஒருவர் விலகினால் அவர் கதைகள் உறுதி நிலையில் இருந்து நீங்குமா, இருக்குமா? நான் இருக்கட்டும் என்பேன், இல்லாவிட்டால் அதன்மேல் கட்டிய மற்றக் கதைகளும் ஆட்டம் காணும். கையேட்டை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட நினைத்தால், ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதை எல்லோரும் அறிந்து கையெழுத்திட வேண்டும். பணம் வந்தால் எப்படிப் பங்கு என்பதையும், பணம் வராதபோதே பேசி முடியுங்கள்.

தொகுப்பாசிரியருக்கு அடுத்து யார் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். எரிக் ஃபிளின்ட் 2022ல் காலமானார். அந்த உலகத்தின் கதைகளை நெடுங்காலம் வெளியிட்டுவந்த இதழ் அதே ஆண்டு நின்றது. பிறகுதான் வேறு பெயரில் புதிய இதழ் வந்தது.

படி 10: வெளியீட்டு வரிசை

பிரிவுப் புள்ளிக்கு மிக அருகில் நடக்கும் கதையை முதலில் வெளியிடத் தேவையில்லை. உலகத்தின் தனிக்குணம் எந்தக் கதையில் நன்றாகத் தெரிகிறதோ அதுவே முதல் கதை. இரண்டாவது கதை வேறு எழுத்தாளருடையதாகவும், வேறு ஊரில் நடப்பதாகவும், ஆனால் முதல் கதையின் ஒரு பொருளையோ ஆளையோ தொட்டுச் செல்வதாகவும் இருக்கட்டும். ரயிலடியில் காத்திருந்த வியாபாரியின் தேயிலைக் கப்பல், இரண்டாவது கதையில் செயின்ட் ஹெலினாவில் தண்ணீர் பிடிக்க வந்து நிற்கலாம். அந்த ஒரு தொடுப்பில் வாசகருக்கு இது கூட்டு உலகம் என்று புரிந்துவிடும்.

மூன்று நான்கு கதைகள் வெளியானபின் கையேட்டை ஒருமுறை முழுக்கப் படித்து, கதைகளில் வந்த புதுத் தகவல்களை ஏற்றி, தீர்ந்துபோன திறந்த கேள்விகளை நீக்குங்கள். அதன்பிறகு புதியவர்களைச் சேர்க்கலாம். புதிதாக வருகிறவரிடம் கையேடு முழுவதையும் தூக்கிக் கொடுக்காதீர்கள். பிரிவுப் புள்ளி வாக்கியம், காரணச் சங்கிலி, வெளியான கதைகளில் இரண்டு, திறந்த கேள்விகளின் பட்டியல், இவ்வளவு போதும். அவருடைய முதல் கதை ஒரு திறந்த கேள்விக்கு விடை சொல்வதாக இருக்கட்டும், கூடவே அவர் ஒரு புதிய கேள்வியைப் பட்டியலில் சேர்க்கட்டும்.